70-200 வாங்கலாமா? டெலி ஜூம் லென்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய டெலி ஜூம் (தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் ஜூம் லென்ஸ்) வாங்க நினைப்பவர்களும், வாங்கிவிட்டு அதோடு மல்லுக்கட்டுபவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பிறகு. 70-200 போன்ற எண்கள் மி.மீ.-இல் லென்ஸின் ஃபோக்கல் லெங்த்; எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் கணக்கெல்லாம் ஃபுல் ஃப்ரேம் (36 x 24 மி.மீ.) சென்சாருக்கானது.

என் கேமராவோட வந்த 55-250-ம் டெலி ஜூம்தானே? அதுல இல்லாதது புரொஃபஷனல் லென்ஸ்ல என்ன இருக்கு?

முதல் வேறுபாடு வெளிச்சம். 55-250 மாதிரி லென்ஸ்களில் அபர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை; எஃப் எண் சிறியதானால் துளை பெரிது) எஃப் 4-இல் தொடங்கி, ஜூமை முழுக்க நீட்டும்போது 5.6-க்குச் சுருங்கிவிடும். 70-200 எஃப் 2.8 லென்ஸில் 70-இலும் 2.8, 200-இலும் 2.8. நீட்டிய முனையில் இரண்டுக்கும் இரண்டு ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு), அதாவது நான்கு மடங்கு வெளிச்சம். அங்கே 1/125 விநாடி ஷட்டர் வேகத்தில் தடுமாறும் காட்சியை இங்கே 1/500-இல் எடுக்கலாம். ஓடுகிற குழந்தைக்கு அந்த வித்தியாசம்தான் எல்லாமே.

மற்றதெல்லாம் அதற்குப் பிறகு: வேகமான ஃபோக்கஸ் மோட்டார், தூசியும் தூறலும் புகாமல் தடுக்கும் ரப்பர் விளிம்புகள், டிரைபாட் காலர் (முக்காலியில் மாட்ட லென்ஸைச் சுற்றியுள்ள வளையம்), பக்கவாட்டில் சுவிட்சுகள். எடையும் சேர்ந்தே வரும். 200 மி.மீ.-இல் எஃப் 2.8 வேண்டுமென்றால் வெளிச்சம் நுழையும் வழி சுமார் 71 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். முன்கண்ணாடி அத்தனை பெரிதாக இருப்பதும், ஃபில்டர் அளவு பெரும்பாலும் 77 மி.மீ. ஆக இருப்பதும், லென்ஸ் ஒரு கிலோவில் இருந்து ஒன்றரைக் கிலோ வரை கனப்பதும் இதனால்தான்.

70-200, 100-400, 150-600னு நிறைய இருக்கு. எனக்கு எது?

நீங்கள் எடுக்கப்போவது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வெளிச்சத்தில் இருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் லென்ஸ் தானாக முடிவாகிவிடும். 1.7 மீட்டர் உயரமுள்ள ஒருவர் 200 மி.மீ.-இல், கிடைமட்டச் சட்டத்தின் உயரத்தை முழுதாக நிரப்ப, அவர் சுமார் 14 மீட்டர் தூரத்தில் நிற்க வேண்டும். 50 மீட்டர் தள்ளிப் போனால் சட்டத்தின் உயரத்தில் கால் பங்கைக் கொஞ்சம் தாண்டுவார், அவ்வளவுதான். ஆகவே மேடை, அரங்கு, விழா, உள்விளையாட்டு, முகப்படம் இவற்றுக்கு 70-200 எஃப் 2.8. பெரிய மைதானத்தில் பகல் ஆட்டம், விமானம், பெரிய விலங்குகள் என்றால் 100-400.

பறவை வேறு கதை. 15 செ.மீ. நீளமுள்ள குருவி 10 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருந்தால், 200 மி.மீ. லென்ஸ் அதைச் சென்சாரில் 3 மி.மீ. அளவுக்குத்தான் காட்டும். சென்சாரின் அகலம் 36 மி.மீ. 600 மி.மீ.-இல் அதே குருவி 9 மி.மீ., கால் பங்கு. பறவைக்காக 70-200 வாங்கிவிட்டு வருந்துகிறவர்கள் ரொம்பப் பேர். பறவைதான் முக்கியம் என்றால் எஃப் 2.8 ஆசையை விட்டுவிட்டு 150-600 அல்லது 200-600 பக்கம் போங்கள். எது என்று இன்னும் முடிவாகவில்லையா? வாடகைக்கு எடுத்து ஒரு வாரக் கடைசி முழுக்கச் சுமந்து பாருங்கள். எந்த ஒப்பீட்டுக் கட்டுரையும் சொல்லாததை உங்கள் தோள்பட்டை சொல்லிவிடும்.

70-200-லயே எஃப் 4-ம் இருக்கே. அது போதாதா?

நிறையப் பேருக்குப் போதும். கேனானின் டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள கேமரா) வரிசையில் எஃப் 2.8-இன் மூன்றாம் பதிப்பு சுமார் 1480 கிராம். எஃப் 4-இன் இரண்டாம் பதிப்பு 780 கிராம். பாதிதான். கொடுக்க வேண்டியது ஒரே ஒரு ஸ்டாப்: எஃப் 2.8-இல் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் உணர்திறன்) 3200 வைக்கிற இடத்தில் எஃப் 4-இல் 6400. இன்றைய சென்சார்களும் நாய்ஸ் (படத்தில் வரும் புள்ளிப்புள்ளியான கரகரப்பு) குறைக்கும் மென்பொருளும் அந்த ஒரு ஸ்டாப்பைப் பெரும்பாலும் சமாளித்துவிடுகின்றன.

பகலில், பயணத்தில், மலை ஏறும்போது எடுப்பவர்களுக்கு எஃப் 4-ஐத்தான் சொல்வேன். மங்கலான வெளிச்சத்தில் அசைகிற ஆட்களை எடுப்பவருக்கு மட்டும் 2.8 இல்லாமல் ஆகாது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால், அதாவது இருட்டு ஆனால் அசையாத பொருள், அல்லது அசைகிற பொருள் ஆனால் நல்ல வெயில் என்றால், எஃப் 4 தாராளமாகப் போதும்.

கிராப் சென்சார்ல போட்டா 200 வந்து 300 ஆயிடுமா?

லென்ஸ் மாறாது, அது 200 மி.மீ. தான். சென்சார் சிறியது என்பதால் நடுப்பகுதி மட்டும் பதிவாகிறது. பார்வைக் கோணம் 300 மி.மீ. போல ஆகிறது. 1.5 மடங்கு சென்சாரில் 70-200 என்பது 105-300 போல, கேனானின் 1.6 மடங்கில் 112-320 போல. தூரத்துப் பொருளுக்கு இது லாபம். ஆனால் சின்ன அறைக்குள் 105-இல் தொடங்குவது பெரிய தொல்லை; முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் போக வேண்டியிருக்கும்.

ஸ்டெபிலைசேஷன் ஆன்லதான் இருக்கு. ஆனாலும் ஆள் மங்கலா வர்றாங்க. லென்ஸ் ரிப்பேரா?

பின்னணியில் இருக்கும் சுவரோ நாற்காலியோ தெளிவாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது தெளிவாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் லென்ஸ் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. ஸ்டெபிலைசேஷன் உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் ஈடுகட்டும். எதிரே இருப்பவரின் அசைவை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விநாடிக்கு ஒரு மீட்டர் என்ற மெதுநடையில் ஒருவர் 10 மீட்டர் தூரத்தில் குறுக்கே போகிறார். 1/60 விநாடியில் அவர் 16 மி.மீ. சற்றே அதிகமாக நகர்ந்துவிடுகிறார். 200 மி.மீ. லென்ஸில், 24 மெகாபிக்சல் சென்சாரில், அது ஏறக்குறைய 55 பிக்சல் இழுபடுதல். 1/1000 வைத்தால் மூன்று பிக்சல்தான். ஐந்து ஸ்டாப் ஸ்டெபிலைசேஷன் என்று பெட்டியில் போட்டிருப்பது இந்த 55 பிக்சலில் ஒன்றைக்கூடக் குறைக்காது.

அப்போ ஷட்டர் வேகம் எவ்வளவு வைக்கணும்?

அசையாத பொருள், கையில் கேமரா என்றால் பழைய விதி இன்னும் நல்ல தொடக்கம்: ஃபோக்கல் லெங்த் எவ்வளவோ, விநாடியில் அத்தனையில் ஒரு பங்கு. 200 மி.மீ.-இல் 1/200. கிராப் சென்சாரில் 1/300. 45 மெகாபிக்சல் கேமராவில் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவர் என்றால் அந்த வேகத்தையும் இரட்டிப்பாக்குங்கள் (1/200 என்றால் 1/400). ஸ்டெபிலைசேஷன் இருந்தால் இதைவிட மெதுவான வேகத்துக்கும் நன்றாகவே இறங்கலாம்.

அசைகிற பொருளுக்கு நான் தொடங்கும் எண்கள்: மேடையில் பேசுபவருக்கு 1/250, நடனத்துக்கும் ஓடும் குழந்தைக்கும் 1/500 முதல் 1/800, விளையாட்டுக்கு 1/1000, பறக்கும் பறவைக்கு 1/2000. மேனுவல் மோடில் அபர்ச்சரையும் ஷட்டரையும் நீங்களே வைத்து, ஐ.எஸ்.ஓ.-வை ஆட்டோவில் விடுங்கள். நாய்ஸ் உள்ள படத்தைப் பிறகு சரிசெய்யலாம். இழுபட்ட படத்தை எதுவும் காப்பாற்றாது. ஐ.எஸ்.ஓ. ஏறுகிறதே என்று பயந்து ஷட்டரைக் குறைப்பதுதான் இந்த லென்ஸை வீணாக்கும் முதல் பழக்கம்.

இவ்வளவு கனத்தைக் கையில எப்படிப் பிடிக்கிறது?

இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில், மேல்நோக்கி இருக்க வேண்டும். பாரம் முழுக்க அந்தக் கையில். வலது கைக்கு பட்டனை அழுத்தும் வேலை மட்டும். பக்கவாட்டில் இருந்து லென்ஸைக் கவ்விப் பிடித்தால் சில நிமிடங்களில் மணிக்கட்டு ஆட ஆரம்பிக்கும். முழங்கைகளை விலாவோடு ஒட்டுங்கள், ஒரு காலை முன்னால் வையுங்கள், வியூஃபைண்டரைப் புருவத்தோடு அழுத்துங்கள். பட்டனைக் குத்தாமல் மெல்ல அழுத்தி, மூன்று நான்கு படங்களாக எடுங்கள். அழுத்தும்போதும் விடும்போதும்தான் ஆட்டம் அதிகம், நடுவில் வரும் படங்கள் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

மணிக்கணக்கில் நிற்க வேண்டிய நிகழ்ச்சிக்கு மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) எடுத்துப் போங்கள். அதைக் கேமராவில் மாட்டாமல் லென்ஸ் காலரின் பாதத்தில் மாட்டுங்கள். எடை அங்கேதான் சமநிலைக்கு வரும். காலர் திருகைச் சற்றுத் தளர்த்திவிட்டால் கேமராவை அப்படியே செங்குத்தாகத் திருப்பலாம். தோள்பட்டியையும் அந்தப் பாதத்தில் கோர்ப்பது நல்லது. கேமராவின் கழுத்தில் ஒன்றரைக் கிலோ தொங்கினால் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்குத்தான் கேடு.

மோடு 1, மோடு 2ன்னு சுவிட்ச் இருக்கே, அது எதுக்கு?

அது ஸ்டெபிலைசேஷனுக்கான சுவிட்ச். மோடு 1 எல்லாத் திசை ஆட்டத்தையும் ஈடுகட்டும், சாதாரணப் படங்களுக்கு இதுவே போதும். ஓடும் வாகனத்தோடு கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுக்கும்போது மோடு 2. நீங்கள் வேண்டுமென்றே திருப்பும் திசையை விட்டுவிட்டு மேல்கீழ் ஆட்டத்தை மட்டும் கவனிக்கும். சில லென்ஸ்களில் மோடு 3-ம் உண்டு. இது எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே மாதிரி இல்லை, கையேட்டைப் பாருங்கள். உறுதியான டிரைபாடில் வைத்தால் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். புதிய லென்ஸ்கள் பல தாமே கண்டுபிடித்துக்கொள்ளும். பழையவை இல்லாத ஆட்டத்தைத் தேடித் தாமே ஆட ஆரம்பிக்கும்.

எஃப் 2.8-ல முகம் எடுத்தா ஒரு கண் பளிச்சுனு இருக்கு, இன்னொரு கண் மங்கலா இருக்கு. ஃபோக்கஸ் கோளாறா?

கோளாறு இல்லை. 200 மி.மீ., எஃப் 2.8, 3 மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே நான்கு செ.மீ.-க்கும் குறைவு. முகம் சற்றே பக்கவாட்டில் திரும்பியிருந்தால், அருகில் உள்ள கண்ணின் இமைமுடிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். மூக்கு நுனி கரைய ஆரம்பித்திருக்கும், மறுகண் வெறும் நிழலாகும், காதில் தொங்குவது ஒளிப்பொட்டாகிவிடும். அந்தத் தோற்றம் வேண்டுமென்றால் அருகில் உள்ள கண்ணில் ஃபோக்கஸ் வையுங்கள். இரண்டு கண்ணும் வேண்டுமென்றால் எஃப் 5.6-க்குப் போங்கள், ஆழம் இரட்டிப்பாகும்.

10 மீட்டர் தூரத்துக்குத் தள்ளிப் போனால் அதே எஃப் 2.8-இல் ஆழம் 40 செ.மீ. அளவுக்கு விரியும், தனி ஆளுக்குத் தாராளம். இரண்டு வரிசையாக நிற்கும் குழுவுக்கு அதுவும் போதாது, எஃப் 5.6, தேவைப்பட்டால் 8. பின்னணி மங்க வேண்டும் என்பதற்காகவே 2.8-ஐப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆளைச் சுவரில் இருந்து ஐந்தாறு மீட்டர் முன்னால் நிறுத்தினால் எஃப் 4-இலும் சுவர் கரைந்துவிடும்.

டெலி லென்ஸ் பின்னணியை இழுத்துக்கிட்டு வந்து ஒட்டவச்சிடும்னு சொல்றாங்களே, உண்மையா?

படத்தில் அப்படித் தெரிவது உண்மை. ஆனால் அதைச் செய்வது லென்ஸ் இல்லை, நீங்கள் நிற்கும் தூரம். நின்ற இடத்தை விட்டு நகராமல் 70-இல் ஒன்று, 200-இல் ஒன்று எடுங்கள். 70-இல் எடுத்ததின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி 200 படத்தோடு ஒப்பிடுங்கள். ஆளுக்கும் மலைக்கும் உள்ள அளவு விகிதம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும்.

இது தெரிந்தால் ஜூமை வேறு விதமாகப் பயன்படுத்த ஆரம்பிப்பீர்கள். முதலில் எங்கே நிற்பது என்பதை முடிவு செய்யுங்கள். பின்னால் இருக்கும் மலையோ கட்டடமோ ஆளைவிடப் பெரிதாகத் தெரிய வேண்டுமா? பின்னால் நடந்து போங்கள். அதற்குப் பிறகு சட்டத்தை நிரப்ப ஜூம் செய்யுங்கள். நடக்கச் சோம்பல்பட்டு ஜூம் வளையத்தை மட்டும் திருகுகிறவர்களின் படங்கள் எல்லாம் ஒரே சாயலில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

70-200-ல 2 மடங்கு டெலிகன்வர்ட்டர் போட்டா 400 ஆயிடுமே, பறவை எடுக்கலாமே?

எடுக்கலாம். டெலிகன்வர்ட்டர் என்பது லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி ஃபோக்கல் லெங்த்தைக் கூட்டும் துணை லென்ஸ். 1.4 மடங்கு கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப்பைத் தின்னும்: 98-280 எஃப் 4 ஆகும். 2 மடங்கு இரண்டு ஸ்டாப்பைத் தின்னும்: 140-400 எஃப் 5.6. முதலாவதில் தரம் அதிகம் கெடாது, தைரியமாக வாங்கலாம். இரண்டாவதில் கூர்மையும் ஃபோக்கஸ் வேகமும் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும். எப்போதாவது தேவைப்பட்டால் சரி. வாரம் தவறாமல் பறவை எடுப்பவருக்கு, மேலே லென்ஸ் தேர்வில் சொன்ன அதே பதில்தான்.

வாங்கும் முன் பொருந்துமா என்று கட்டாயம் பாருங்கள். கேனானின் ஆர்.எஃப். வரிசை (பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கானது) 70-200 எஃப் 2.8 முதல் பதிப்பில் கன்வர்ட்டர் மாட்டவே முடியாது. 2024-இல் வந்த, ஜூம் செய்தாலும் நீளாத பதிப்பில் மாட்டலாம். பெயர் ஏறக்குறைய ஒன்றேதான், வேலை வேறு.

தூரத்துல எடுக்கிறது எல்லாம் கலங்கலா வருது. கிட்டத்துல எடுத்தா கத்தி மாதிரி இருக்கு. ஏன்?

பெரும்பாலும் காற்றுதான் காரணம். வெயிலில் சூடான தரை, தார்ச்சாலை, கூரை இவற்றின் மேல் எழும் வெப்பக்காற்று, நடுவில் உள்ள ஒளியைக் கோணல்மாணலாக வளைக்கிறது. 400, 600 மி.மீ.-இல் நூறு மீட்டருக்கு மேல் எடுக்கும்போது இது மிக மோசமாகத் தெரியும். தொடர்ந்து பத்துப் படம் எடுத்து அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். பறவையின் அலகு ஒரு படத்தில் நேராக, அடுத்ததில் வளைந்து, அதற்கடுத்ததில் தடித்துத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், வெப்ப அலைதான். ஃபோக்கஸ் தவறியிருந்தால் அலகுக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள ஒரு கிளையாவது கூர்மையாக இருக்கும். வெப்ப அலையில் எதுவுமே கூர்மையாக இருக்காது.

இதற்கு எந்த விலை லென்ஸிலும் மருந்து இல்லை. அதிகாலையில் எடுங்கள், அருகில் போங்கள், தரைக்கு மேலே உயரமான இடத்தில் இருந்து எடுங்கள், புல் அல்லது நீர்ப்பரப்பின் மேலாகப் பார்க்கும்படி நில்லுங்கள். ஏ.சி. காரின் ஜன்னலை இறக்கி உடனே எடுப்பதும் இதே தொல்லையைத் தரும்: உள்ளே உள்ள குளிர்காற்றும் வெளிக்காற்றும் ஜன்னலிலேயே கலந்து ஒளியை வளைக்கின்றன. இஞ்சினை அணைத்து, எல்லா ஜன்னலையும் திறந்து, கொஞ்ச நேரம் காத்திருங்கள்.

ஃபோக்கஸ் லிமிட்டர் சுவிட்ச் அவசியமா?

தூரத்தில் உள்ளதை மட்டும் எடுக்கிறீர்கள் என்றால் ஆம். ஃபோக்கஸ் தவறும்போது லென்ஸ் ஒரு மீட்டர் வரை தேடிப்போய்த் திரும்பாமல், குறித்த தூரத்துக்கு அப்பால் மட்டும் தேடும். வேலை முடிந்ததும் மறக்காமல் பழையபடி வைத்துவிடுங்கள். “கிட்ட வந்தா ஃபோக்கஸே ஆகல” என்று வரும் புகார்களில் பல இந்தச் சுவிட்சோடு முடிந்துவிடுகின்றன.

பாதுகாப்புக்கு யூவி ஃபில்டர் போடலாமா?

மணல், உப்புச்சாரல், சேறு இருந்தால் போடுங்கள், நல்ல தரமானதாக. மலிவான கண்ணாடியின் சிறு குறைகூட நீண்ட ஃபோக்கல் லெங்த்தில் பெரிதாகி முழுப் படத்தையும் மென்மையாக்கிவிடும். மற்ற நேரத்தில் ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பு) போதும். பக்கவாட்டு வெளிச்சத்தையும் தடுக்கும், இடித்தால் முதலில் அடியையும் அதுவே வாங்கிக்கொள்ளும்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்குறேன். என்னென்ன பார்க்கணும்?

அபர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்தில் இருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். நான்கைந்து தூசி இருந்தால் படத்தில் தெரியாது, விட்டுவிடலாம். சிலந்தி இழை போல நூல்நூலாகத் தெரிந்தால் பூஞ்சை; வாங்காதீர்கள். உள்கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்த மாதிரி இருந்தாலும் வேண்டாம். மவுண்டை (லென்ஸ் கேமராவோடு பொருந்தும் வளையம்) சுற்றியுள்ள திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம், என்ன பழுது என்று கேளுங்கள்.

அப்புறம் படம். செங்கல் சுவர் போல விவரம் நிறைந்த, தட்டையான ஒன்றுக்கு நேர் எதிரே டிரைபாடில் வைத்து, எஃப் 2.8-இல் 70, 135, 200 மூன்றிலும் எடுங்கள். நான்கு மூலைகளும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் பரவாயில்லை. ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. கீழே விழுந்த லென்ஸ்களில் இது சகஜம். கேமரா சுவருக்கு நேராகத்தான் இருந்ததா என்பதை உறுதிசெய்ய, கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொன்று எடுங்கள். மங்கலும் கேமராவோடு சேர்ந்து சுவரின் மறுபக்கத்துக்குப் போனால் குற்றம் லென்ஸிலோ மவுண்டிலோ இருக்கிறது.

லென்ஸை ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம் வருகிறதா? கேமராவில் மாட்டி ஆன் செய்ததும் சத்தம் நின்றால் பயப்பட வேண்டாம். மின்சாரம் இல்லாதபோது ஸ்டெபிலைசேஷன் கண்ணாடியும், சில புதிய லென்ஸ்களில் ஃபோக்கஸ் கண்ணாடியும் தளர்வாகத்தான் இருக்கும்.

பூஞ்சை வராம எப்படி வைக்கிறது?

ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் உள்ள இடத்தில் வையுங்கள். டிரை கேபினெட் நல்லது. இல்லையென்றால் காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே சின்ன ஈரப்பதமானி. தோல் பையில் போட்டு மாதக்கணக்கில் பீரோவில் வைப்பதுதான் மிக மோசம்.

பழைய டி.எஸ்.எல்.ஆர். லென்ஸை மிரர்லெஸ்ல போட்டா ஒழுங்கா வேலை செய்யுமா?

அதே நிறுவனத்தின் அடாப்டர் (பழைய லென்ஸைப் புதிய கேமராவில் பொருத்தும் இணைப்பு) என்றால் பெரும்பாலும் நன்றாகவே செய்யும். கேனானின் டி.எஸ்.எல்.ஆர்.-க்கான இ.எஃப். லென்ஸ்கள் ஆர்.எஃப். கேமராவில் ஃபோக்கஸ், ஸ்டெபிலைசேஷன் இரண்டோடும் இயங்கும். நிக்கானில் உள்ளேயே மோட்டார் உள்ள ஏ.எஃப்.-எஸ். வகை எஃப்.டி.இசட். (FTZ) அடாப்டரில் ஆட்டோஃபோக்கஸ் ஆகும். கேமராவின் மோட்டாரை நம்பியிருக்கும் பழைய ஏ.எஃப்.-டி. வகை ஆகாது. ஒரு லாபமும் உண்டு. மிரர்லெஸ் கேமரா சென்சாரிலேயே ஃபோக்கஸ் பார்ப்பதால், டி.எஸ்.எல்.ஆர்.-இல் முன்னால் பின்னால் விழுந்துகொண்டிருந்த ஃபோக்கஸ் இங்கே பெரும்பாலும் சரியாகிவிடும்.

200-ல வச்சு ரொம்பக் கிட்டப் போனா 200 மாதிரியே இல்லையே. ஏமாத்துறாங்களா?

குறித்திருக்கும் ஃபோக்கல் லெங்த், லென்ஸ் முடிவிலியில் ஃபோக்கஸ் ஆகியிருக்கும்போது உள்ளது. உள்ளுக்குள்ளேயே கண்ணாடிகளை நகர்த்தி ஃபோக்கஸ் செய்யும் லென்ஸ்களில், அருகில் வர வர பார்வைக் கோணம் அகலும். இதை பிரீதிங் என்பார்கள். 2009-இல் வந்த நிக்கான் 70-200 இரண்டாம் பதிப்பு இதற்குப் பேர்போனது: மிக அருகில் அதன் 200 என்பது 135 அளவுக்குத்தான் நடந்துகொள்ளும். 2016-இல் வந்த அடுத்த பதிப்பில் இதைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள். மைதானத்தில் எடுப்பவருக்கு இதனால் ஒன்றும் குறைவதில்லை. நெருக்கமான முகப்படமும் வீடியோவும் எடுப்பவர் வாங்கும் முன் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

வீடியோவுக்கு இன்னொன்றும் பாருங்கள். 200-இல் ஃபோக்கஸ் வைத்துவிட்டு, ஆட்டோஃபோக்கஸை அணைத்து, மெல்ல 70-க்கு வாருங்கள். அங்கிருந்து திரும்ப 200-க்குப் போங்கள். பிறகு 70-இல் ஃபோக்கஸ் வைத்து 200-க்குப் போய்ப் பாருங்கள். புகைப்பட லென்ஸ்கள் பெரும்பாலானவை ஜூம் செய்யும்போது ஃபோக்கஸைத் தக்கவைத்துக்கொள்வதில்லை. நகர்ந்துபோகிறது என்றால், படம் எடுக்கும்போதும் ஜூமை முடித்துவிட்டுத்தான் ஃபோக்கஸ் செய்ய வேண்டும். 200-இல் ஃபோக்கஸை நிறுத்திவைத்துக்கொண்டு 135-க்கு வந்து அழுத்தும் பழக்கம் இந்த லென்ஸ்களுக்கு ஒத்துவராது.